புனிதரின் பெயரிலிருந்து சாதி நீங்கியது. தேரின் பாதையிலிருந்து எப்போது நீங்கும்?

2022 மே 15 அன்று வத்திக்கான் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர், இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதலாமவர் அவரே. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2012 டிசம்பர் 2 அன்று, நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டபோது 'தேவசகாயம் பிள்ளை' என்றே அவர் அழைக்கப்பட்டார். 2022-இல் அந்தப் பின்னொட்டு இல்லை. சாதிப் பெயரைச் சுமந்தபடி ஒருவர் பீடத்தில் ஏறுவது அவருடைய சாட்சியத்துக்கே முரணானது என்று கிறிஸ்தவர்களிடமிருந்தே கோரிக்கை எழுந்தது. வத்திக்கான் அதனை ஏற்று 'பிள்ளை' என்ற சொல்லை நீக்கியது.

இதனை நாம் அன்றும் வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். உலகெங்கும் கோடிக்கணக்கானோரை உறுப்பினராகக் கொண்ட ஒரு திருச்சபை, புனிதமும் சாதியும் ஒரே பெயரில் சேர்ந்து நிற்க இயலாது என்று தன் அலுவல்முறை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது சிறிய செய்தி அன்று. ஆயினும், ஒரு கோட்பாடு ஒரு வழக்கில் ஏற்கப்பட்டால் அதே தன்மையுள்ள பிற வழக்குகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். புனிதரின் பெயரில் சாதி இருக்கக் கூடாது எனில், அப்புனிதர் ஏறிவரும் சப்பரத்தின் பாதையில் அது இருக்கலாமா? அவர் பெயரால் மந்திரிக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் இருக்கலாமா? அவர் திருவிழாவுக்கு வசூலிக்கும் வரிப் புத்தகத்தில் இருக்கலாமா? இக்கேள்விகளை நாம் பக்தியின் பொருட்டு மட்டும் எழுப்பவில்லை. தலித் கிறிஸ்தவர்களின் பட்டியல் சாதி உரிமை குறித்த வழக்குகளின் விடை, நாம் எண்ணுவதைவிட அதிக அளவில், இந்தத் தேர்ப்பாதைகளில்தான் கிடக்கிறது.

எருமையின் மீது ஏற்றப்பட்ட அரசு அலுவலர்

தேவசகாயம் 1712 ஏப்ரல் 23 அன்று ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலராகப் பணியாற்றினார். 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாகவே உயர்ந்த டச்சுக்காரரான டிலனாய் வழியாகக் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். 'இலாசர்' என்ற விவிலியப் பெயரின் தமிழாக்கமே 'தேவசகாயம்'. 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் சித்திரவதைக்குள்ளாகி, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சாதி வேறுபாடு கடந்து மனிதர் யாவரும் சமம் என்று அவர் வலியுறுத்தியதும், அது உயர்சாதியினரின் பகையைக் கிளறியதும் அவர் கைதுக்குக் காரணங்கள் என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. மதமாற்றத்துக்காக அவர் தண்டிக்கப்படவில்லை, அரசுக்கு எதிரான குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார் என வாதிடுவோரும் உள்ளனர். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், தண்டனையின் வடிவம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. அவரை எருமையின் மீது பின்னோக்கி அமர்த்தி, எருக்கம்பூ மாலை அணிவித்து, ஊர் ஊராக இழுத்துச் சென்றதாக மக்கள் மரபு நினைவில் வைத்திருக்கிறது. குதிரையோ பல்லக்கோ ஏறத் தகுதி பெற்றிருந்த ஓர் அலுவலரை எருமையில் ஏற்றுவதன் பொருள் என்ன? 'நீ இனி எங்களவன் அல்லன். கீழே தள்ளப்பட்டவன்' என்பதை ஊரறியச் செய்வதே. அத்தண்டனை சாதியின் மொழியில் எழுதப்பட்டது. தெருவில் ஒருவரை எப்படி அழைத்துச் செல்கிறார்கள் என்பது அவருடைய சமூகத் தகுதியின் அறிவிப்பு என்பதை அன்றைய அரசு நன்கு அறிந்திருந்தது. இன்றைய ஊர்களும் அறிந்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒடுக்கப்பட்டோருடன் உண்டு உறவாடிய உயர்சாதியினர் ஒருவரைத் தலித் விடுதலையின் நாயகராக்கும் வழக்கமான கதையாடலுக்குள் நாம் விழ வேண்டியதில்லை. புனிதர் பட்டத்துக்கான நடைமுறை சான்றாவணங்களைக் கோருவது, பல பத்தாண்டுகள் நீள்வது, பொருட்செலவு மிக்கது. அரண்மனை அலுவலரின் வாழ்வு எழுத்தில் பதிவாகும். சேரிகளில் விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த உபதேசியார்களின் வாழ்வு, கல்லறைக் குழி வெட்டியவர்களின் வாழ்வு, பெரும்பாலும் பதிவாகவில்லை. யார் புனிதராகிறார் என்பதில்கூட யாருடைய வாழ்வு எழுதப்பட்டது என்ற கேள்வி அடங்கியிருக்கிறது.

வடக்கன்குளத்தின் இரு பாடங்கள்

தேவசகாயம் திருமுழுக்குப் பெறுவதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு முன், 1744 செப்டம்பர் 12 அன்று, திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஓர் ஆணை பிறப்பித்தார். 'மலபார் வழக்கங்கள்' எனப்படும் நெடுங்காலச் சர்ச்சைக்கு முற்றுப்புள்ளி வைத்த ஆணை அது. அச்சர்ச்சையின் ஒரு பகுதி நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் சென்று இறுதி அருள்சாதனம் வழங்க மறைப்பணியாளர் பலர் மறுத்து வந்தனர். உயர்சாதியினர் தங்களை ஒதுக்கிவிடுவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1704-இலேயே வத்திக்கானின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் இதனைக் கண்டித்து ஆணையிட்டிருந்தார். நாற்பதாண்டு இழுபறிக்குப் பின் வந்த 1744 ஆணையும் பறையர் வீடுகளுக்குச் செல்லும் கடமையை உறுதி செய்தது. ஆனால் அதை நிறைவேற்ற இயேசு சபையினர் முன்வைத்த வழி யாது? பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமிப்பது. கோட்பாட்டில் சமத்துவம், நடைமுறையில் தனி ஏற்பாடு. தமிழகத் திருச்சபை இன்றுவரை விடமுடியாத பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டாம் பாடமும் அதே ஊரில்தான். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற, அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாள் இறுதிக்காலத்தைக் கழித்த வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரு கால்களாகப் பிரிந்த கட்டடமாக அமைந்தது. ஒரு பக்கம் வேளாளர் உள்ளிட்டோர், மறுபக்கம் நாடார், இடையே தடுப்பு. மக்கள் அதனைக் 'கால்சட்டைக் கோவில்' என்றனர். பீடம் ஒன்று, இயேசு ஒருவர், ஆனால் ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியாது. 1910-இல் குரு கௌசானல் அத்தடுப்பை இடித்தார். வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். தங்கள் பகுதி தங்களுக்கே உரியது, நாடார் அங்கே நுழையக் கூடாது என்பது அவர்களது வாதம். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற இவ்வழக்கு, மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் ஆண்டகை என்ற பெயரில் 1917-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதியின் அடிப்படையில் தனி இடம் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இவ்வழக்கின் மையத்தில் தலித்துகள் இல்லை என்பதை மறக்கலாகாது. ஆயினும் சட்டம் பயிலும் மாணவத் தோழர்கள் இதனைத் தேடிப் படிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டம் பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முன்பே, காலனிய நீதிமன்றமே, 'வழக்கம்' என்ற பெயரில் ஆலயத்தைச் சாதிவாரியாகப் பிரிக்க மறுத்துவிட்டது. ஆயரும் சுவரை இடித்த குருவின் பக்கமே நின்றார். ஆக, 'இது ஊர் வழக்கம், திருச்சபை தலையிட முடியாது' என்று இன்று சொல்லும் எந்த நிர்வாகத்துக்கும் வடக்கன்குளமே பதில். தலையிட முடியும், ஒருமுறை தலையிட்டிருக்கிறது.

வரி, சப்பரம், தெரு

தமிழகச் சிற்றூர்க் கத்தோலிக்க வாழ்வை அறியாதவர்க்குப் புனிதர் திருவிழா என்பது வழிபாடு மட்டுமே எனத் தோன்றலாம். அந்தோணியார், செபஸ்தியார், சவேரியார், மிக்கேல் அதிதூதர் என ஊர்ப் பாதுகாவலர் யாராயினும் திருவிழாவின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: கொடியேற்றம், நவநாள் திருப்பலிகள், இறுதி இரவில் தேர்ப்பவனி. இவற்றுக்கான செலவு தலைக்கட்டு வரியாகத் திரட்டப்படுகிறது. வரி கொடுப்பவரே திருவிழாவின் உரிமையாளர்; அவருக்கே மண்டகப்படி; அவர் தெருவுக்கே தேர். எனவே சாதி இங்கே நேரடியாகக் கதவை அடைப்பதில்லை. 'உங்கள் வரி வேண்டாம்' என்று மட்டும் சொல்கிறது. பார்வைக்கு அது சலுகை போலத் தோன்றும். விளைவோ வேறு: வரி இல்லையேல் திருவிழாக் குழுவில் இடமில்லை, மண்டகப்படி இல்லை, தேர் தெருவுக்குள் வராது. தலித் மக்கள் சப்பரத்தைக் காண ஊர்த்தெருவின் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். அல்லது தம் சேரியிலேயே சிற்றாலயம் கட்டித் தனியே திருவிழா நடத்த வேண்டும். அவ்வாறு நடத்தினால், 'அவர்களே பிரிந்து போய்விட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு காத்திருக்கும்.

புனிதர் விழாக்களே சாதி மரியாதையைப் பங்கிடும் களமாகவும், தலித்துகள் அம்மரியாதையை எதிர்த்து நின்ற களமாகவும் இருந்துவந்ததை மானுடவியலாளர் டேவிட் மோஸ் இராமநாதபுரம் பகுதிக் களப்பணியின் அடிப்படையில் 2012-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். விழாவில் பறையடிக்கும் கட்டாயத்தை மறுத்தல், குழி வெட்டும் கடமையை மறுத்தல், தேர்வடம் பிடிக்கும் உரிமையைக் கோருதல் என நீளும் இப்போராட்டங்கள் பக்தியின் உள்ளிருந்தே எழுந்தவை. புனிதர் தம்முடையவரும்தான் என்று நம்புபவரே அவருடைய தேர் தம் தெருவுக்கு வர வேண்டும் எனக் கேட்பார். நம்பாதவருக்கு அக்கோரிக்கையே தேவையில்லை. எனவே, 'பக்தி மயக்கம், இதில் என்ன அரசியல்' என்று தோழர்களுள் சிலர் ஒதுங்கி நிற்பதை நாம் ஏற்பதில்லை.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் 2008 மார்ச்சில் நடந்ததை நினைவுகூர்வோம். பங்கு ஆலயத்தில் சமமாக நடத்தப்படாத தலித் கத்தோலிக்கர், தாங்கள் எழுப்பிய சகாய அன்னை ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்குமாறு கோரினர். வன்னியர் கிறிஸ்தவருடனான மோதல் முற்றியது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இறந்தோர் இருவரும் வன்னியர்கள். சாதி தன்னைச் சுமப்பவரையும் கொல்லும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

அண்மைய நிகழ்வு, திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம். அங்குள்ள புனித மரிய மதலேனாள் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், பங்கு நிர்வாகத்திலும் ஆண்டுத் திருவிழாவிலும் அடக்க இடத்திலும் தாங்கள் ஒதுக்கப்படுவதாக நீதிமன்றத்தை அணுகினர். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களது மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதிர்தரப்பினருக்கு அறிவிப்பு அனுப்ப உத்தரவிட்டது. ஒரு புனிதரின் திருவிழாவில் யாருக்குப் பங்கு என்ற கேள்வி நாட்டின் தலைமை நீதிமன்றத்தின் வாசலை எட்டியது.

அப்புனிதர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். இயேசுவின் உயிர்ப்பை முதலில் கண்டு சீடர்களுக்கு அறிவித்தவர் மகதலா மரியா. ஆயினும், ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை அவரையும் நற்செய்தியில் வரும் பெயரற்ற பாவியான பெண்ணையும் ஒருவராக்கியது. அவதூறு நூற்றாண்டுகள் நீடித்தது. 2016-இல்தான் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நாளைத் திருத்தூதர்களின் விழாவுக்கு இணையாக உயர்த்தினார். ஒரு புனிதரின் பெயரிலிருந்து அவதூறு நீக்கப்பட்டது. இன்னொருவர் பெயரிலிருந்து சாதி நீக்கப்பட்டது. தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் திருச்சபைக்கு உண்டு என்பதற்கு இவ்விரண்டும் சான்று. அந்த ஆற்றல் பங்கு எல்லைக்குள் நுழையும்போது ஏன் வற்றிப்போகிறது என்பதே நம் கேள்வி.

சட்டம் எங்கே கைவிடுகிறது

ஓர் இந்து தலித் கோவில் திருவிழா ஊர்வலத்தில் பங்கேற்பது தடுக்கப்பட்டால், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு அதனைக் குற்றமாக்குகிறது. சிறப்பு நீதிமன்றம், நிவாரணத் தொகை, முன்பிணைக்குத் தடை ஆகியவை உடன் வரும். அதே தெருவில், அதே சாதியில் பிறந்த, அதே அவமதிப்புக்குள்ளாகும் கிறிஸ்தவருக்கு இவை எதுவும் இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத மறுத்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அக்கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் திறக்கவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அது கல்விக்கும் வேலைக்கும் ஓரளவு உதவும், வன்கொடுமையிலிருந்து பாதுகாக்காது.

எனினும் கை முற்றிலும் வெறுமையாக இல்லை. அரசமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கும்போது எந்த மதத்தையும் பெயரிட்டு விலக்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரே மதத்தைச் சார்ந்த பிறருக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தீண்டாமையின் அடிப்படையில் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 4-ஆம் பிரிவு அடக்க இடத்தையும், மத ஊர்வலத்தில் பங்கேற்பதையும் குறிப்பிட்டே சொல்கிறது. இங்கே பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேறுபாடு 12-ஆம் பிரிவில் உள்ளது: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். கிறிஸ்தவருக்கு அந்த அனுமானம் இல்லை. அவரே மெய்ப்பிக்க வேண்டும். ஆக, சட்டம் இருக்கிறது, ஆனால் மெய்ப்பிக்கும் சுமை அடிபட்டவர் தோளில்.

இச்சுமையின் மூலத்தை 1985-ஆம் ஆண்டின் சூசை வழக்கில் காணலாம். சூசை என்பது இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் உழைப்பாளர்களின் பாதுகாவலருமான புனித யோசேப்புக்குத் தமிழர் இட்ட பெயர். அப்பெயர் தாங்கிய, சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த ஆதிதிராவிடத் தொழிலாளி ஒருவருக்கு, அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை மறுக்கப்பட்டது. அருகில் அதே தொழில் செய்த இந்துக்களுக்கு அது கிடைத்தது. உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. சாதியால் விளையும் இழிவும் ஒடுக்குமுறையும் புதிய மதச் சூழலிலும் ஒத்த கடுமையுடன் தொடர்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குரிய ஆதாரங்கள் போதிய அளவில் முன்வைக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இரட்டை நாக்கு

இங்கேதான் தேர்ப்பாதை சட்டத்தைச் சந்திக்கிறது. நீதிமன்றம் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? ஆண்டுதோறும் புனிதர் திருவிழாக்களில் இருக்கிறது. அதனை வெளிக்கொணர வேண்டிய இரு நிறுவனங்களும் இரட்டை நாக்கில் பேசுகின்றன.

முதலாவது, திருச்சபை. தலித் கிறிஸ்தவர்க்குப் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று ஆயர்கள் பல பத்தாண்டுகளாகக் கோரி வருகின்றனர். அக்கோரிக்கையின் அடித்தளமே, கிறிஸ்தவத்துக்குள்ளும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதுதான். 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே கிறிஸ்தவர்களிடையிலான சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டுப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலாக உயர்ந்தார். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 208-ஆம் விதியோ, திருமுழுக்கால் கிறிஸ்தவர் அனைவரும் மாண்பிலும் செயலிலும் சமம் என்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரின் தலித் மக்கள் தேர் தங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்கும்போது, 'இது ஊராரின் விவகாரம், அமைதி கெடும்' என்ற பதில் வருகிறது. தில்லியில் சாதி இருக்கிறது என்றும் பங்குப்பேரவையில் இல்லை என்றும் ஒரே நிறுவனம் பேச முடியாது. சாதி இருக்கிறது என்பது உண்மையானால், அதனை நீக்கும் முதற்கடமை, தில்லிக்கு மனு அனுப்புபவரின் கையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, அரசு. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, எனவே பட்டியல் உரிமை இல்லை என்பது ஒன்றிய அரசின் நெடுங்கால நிலைப்பாடு. 2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கப் பரிந்துரைத்தும் அது ஏற்கப்படவில்லை. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று இவ்வுரிமையைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தேர்ப்பவனித் தகராறு எழும் ஊரில் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் என்ன செய்கின்றனர்? இரு சாதியாரையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துகின்றனர். தேர் எந்தத் தெருவில் செல்லலாம், எந்தத் தெருவில் செல்லலாகாது என்று கையெழுத்து வாங்குகின்றனர். காவல் நிறுத்துகின்றனர். இல்லாத ஒன்றுக்கு யாராவது காவல் நிறுத்துவார்களா? அந்தப் பேச்சுவார்த்தையின் பதிவேடு, அரசு அலுவலர் தம் முத்திரையுடன் தரும் சான்று: இவ்வூர்க் கிறிஸ்தவர்களிடையே சாதி உண்டு, அது பொது அமைதியைக் குலைக்கும் அளவுக்குக் கடுமையானது.

நாம் செய்ய வேண்டியது

எனவே செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் முன்வைப்பது எளிய, ஆனால் விடாமுயற்சி தேவைப்படும் ஒரு வேலைத்திட்டம். திருவிழாத் தகராறு நடந்த ஊர்களின் அமைதிப் பேச்சுவார்த்தைப் பதிவுகளையும், ஊர்வல அனுமதி ஆணைகளையும், அவற்றில் குறிக்கப்பட்ட பாதைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறுவோம். வரி வாங்க மறுக்கப்பட்டால், அதனை வாய்மொழியாக விடாமல் பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் எழுத்துவடிவில் மனுவாக அளித்து, ஒப்புகை பெறுவோம். கல்லறைத் தோட்டங்களின் சுவர்களையும் தனி வழிகளையும் தேதியுடன் படமெடுத்து வைப்போம். குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் அளிப்போம். காவல் நிலையம் ஏற்க மறுத்தால் அம்மறுப்பையும் ஆவணமாக்குவோம். அடக்க இடப் பிரச்சினை ஓர் ஊரில், தேர்ப் பிரச்சினை இன்னோர் ஊரில் என்று சிதறிக் கிடக்கும் இவை ஒன்று சேரும்போது, சூசைக்கு 1985-இல் கிடைக்காத ஆதாரம் நம் கையில் இருக்கும்.

திருச்சபையிடம் நம் கோரிக்கை இன்னும் எளியது. தலித் தெருக்களை ஒதுக்கும் திருவிழாவுக்குக் கொடி மந்திரிக்க வேண்டாம். தேர் மந்திரிக்க வேண்டாம். குருவின் மந்திரிப்பு இல்லாமல் தேர் நகராது என்பது ஊரார் யாவரும் அறிந்தது. ஒரு சுவரை இடித்துவிட்டு வழக்கைச் சந்தித்த முன்னோடிகள் இச்சபையில் உண்டு. இன்று கேட்பது சுவரை இடிப்பதைவிடச் சிறியது.

இதில் பணயமாக இருப்பது திருவிழா மரியாதை மட்டும் அன்று. 2008-இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையில் கொல்லப்பட்ட 35 பேருக்கு அருளாளர் பட்டம் வழங்குவதற்கான விசாரணையைத் தொடங்க 2023 அக்டோபரில் வத்திக்கான் இசைவளித்தது. கந்தமாலில் தாக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் பாணோ தலித்துகளும் கந்தா ஆதிவாசிகளும் ஆவர். ஆதிவாசிக் கிறிஸ்தவர் பழங்குடித் தகுதியை இழப்பதில்லை. பாணோ கிறிஸ்தவரோ, வெட்டப்பட்டபோதும் வீடு எரிக்கப்பட்டபோதும், சட்டத்தின் கண்ணில் பட்டியல் சாதியினர் அல்லர். நாளை அவர்களுள் ஒருவர் பீடத்தில் ஏற்றப்படலாம். அவர் சுரூபம் தமிழக ஊர்களின் சப்பரங்களிலும் வைக்கப்படலாம். அன்று அச்சப்பரம், அவரைப் போலவே பிறந்தவர்களின் தெருவைத் தவிர்த்துவிட்டுச் செல்லுமா?

தேவசகாயத்தை எருமையில் ஏற்றி அழைத்துச் சென்றவர்கள், அவரைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றார்கள். அவருடைய அவமானத்தை எல்லாரும் காண வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அவருடைய பெருமையைக் கொண்டாடுவோர் அதைவிடக் குறைவான தெருக்களோடு நின்றுவிடக் கூடாது. 2025-இல் இந்தியப் பொதுநிலையினர் அனைவருக்கும் பாதுகாவலராக அவர் அறிவிக்கப்பட்டிருக்கிறார். 'அனைவருக்கும்' என்ற அச்சொல்லின் பொருளை ஒவ்வொரு பங்கும் தன் அடுத்த திருவிழாவில், தன் தேரின் பாதையில் எழுதிக் காட்டட்டும்.